எண்ணெய் படாத கைகள்

சென்ற ஆண்டு கோடை. ஒரு திங்கட்கிழமை பிற்பகல், மூன்று மணி இருக்கும். வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் பூந்தமல்லிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். தோள்பையில் நெறியாளர் திருத்திக் கொடுத்த என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இருந்தது. பாதி குடித்த தண்ணீர்ப் புட்டி இருந்தது. எனக்குத் தேவையே இல்லாத உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கு இருந்தன. வேறொன்றும் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். அந்த நான்கு பொட்டலங்களை ஏன் வாங்கினேன் என்பதை விளக்கினால் மற்றவை தாமாகவே வந்துவிடும்.

நான் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்பவள். ஆய்வின் இரண்டாம் ஆண்டில், என் இருபத்தைந்தாம் வயதில், திருமணம் நடந்தது. கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை. வீடு சென்னீர்குப்பத்தில். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. அறை எங்களுக்கு, கூடம் மாமனார், மாமியார், நாத்தனார் மூவருக்கும். ஆனால் வீட்டில் இருந்த ஒரே பீரோ எங்கள் அறையில்தான் நின்றது. எல்லோருடைய துணிகளும், நாத்தனாரின் சான்றிதழ்களும், மாமியார் செயலாளராக இருந்த தேவாலயப் பெண்கள் சங்கத்தின் குறிப்பேடுகளும் அதற்குள்தான். எந்த நேரத்தில் யார் வந்து திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. நல்ல மனிதர்கள், கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். பீரோவைத் திறக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆய்வு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் திருமணத்துக்கு முன்பே பேசி முடிவெடுத்திருந்தோம். எனக்கு அது வெறும் வசதி சார்ந்த முடிவன்று. என் அம்மா பட்டப்படிப்பின் இறுதியாண்டில் என்னைச் சுமந்தவர். கடைசித் தாள் எழுத வேண்டிய காலையில் அவரால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அந்த ஒரு தாளை அவர் பிறகு எழுதவேயில்லை. என்னிடம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் என் முதுகலைச் சான்றிதழ் வந்த அன்று அதை நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆய்வில் சேர்ந்தபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “நடுவுல நிறுத்திடாத.”

ஆகவே ஆணுறை பயன்படுத்தினோம். கணவர்தான் வாங்கி வருவார். எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்தில் மாமனாருக்கு அடுத்த இருக்கையில் அமர்பவர். அதனால் அம்பத்தூரைத் தாண்டிப் போய்ப் பாடியில் வாங்குவார். வாங்கியதை வீட்டில் எங்கே வைப்பது? பீரோவில் முடியாது. அறையில் வேறு மறைவிடம் இல்லை. இரு சக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில், கருவிகள் வைக்கும் சிறு அறையே பாதுகாப்பான இடம் என்று தோன்றியது. அதன் சாவி கணவரிடம் மட்டுமே இருக்கும். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்து நடந்ததை விவரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விவரிக்காவிட்டால் இதை எழுதுவதில் பயனில்லை. கோடை தொடங்கியபின் அந்த உறைகள் முன்புபோல வழுவழுப்பாக இல்லை. உலர்ந்து, பிசுபிசுத்து வந்தன. எனக்கு வலித்தது. சனிக்கிழமை இரவு, கண்ணாடியருகே இருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டி கைக்கு எட்டியது. தலைக்கும், தீப்புண்ணுக்கும், குழந்தையின் உடம்புக்கும் நாம் தயங்காமல் தடவும் பொருள். இதனால் என்ன தீங்கு வரப்போகிறது? சிறிது நேரங்கழித்து விளக்கைப் போட்டபோது உறை நெடுக்காகக் கிழிந்திருந்தது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கூடத்தில் மாமனார் இருமினார். அவ்வளவுதான் அந்த இரவில் எனக்கு நினைவிருக்கும் ஓசை.

இப்படி நேர்ந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளும் அவசர மாத்திரை ஒன்று உண்டு, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று மறுநாள் கைப்பேசியில் தேடிப் படித்தேன். ஞாயிறு காலை ஆராதனை, மதியம் உறவினர் விருந்து. பிற்பகலில் நழுவிச் சென்ற கணவர் பாடியில் மூன்று கடைகளில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். ஒன்று மூடியிருந்தது; மற்ற இரண்டில் அந்த மாத்திரையை வாங்கி வைப்பதில்லையாம். திங்கட்கிழமை அவர் பணிக்கு விடுப்பெடுப்பதாகச் சொன்னார். ‘நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று தடுத்தவள் நான்தான். சொற்களோடு பழகுபவள், ஒரு மாத்திரையைக் கேட்டு வாங்கத் தெரியாதா என்ன?

தெரியவில்லை. கல்லூரிக்கு அருகிலிருந்த கடையில் எனக்கு முன்னால் இருவர், பின்னால் என் துறையைச் சேர்ந்த மாணவன் ஒருவன். “இன்னாமா வேணும்?” என்றார் கடைக்காரர். வாயைத் திறந்தேன். கரைசல் பொட்டலம் நான்கு என்றேன். அவை பைக்குள் வந்தன. வெயிலுக்கு நல்லது என்று அந்த மாணவன் வேறு பாராட்டினான். நடந்து சென்று அடுத்த கடையில், ஆளில்லாத நேரம் பார்த்து, மாத்திரையின் பெயரை எழுதிய தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், தாளைத் திருப்பித் தந்தார். “அதெல்லாம் நம்ம கட்சில வெக்கிறதில்லமா” என்றார். ஏன் கட்சி என்று சொன்னாரோ தெரியவில்லை. அந்த வேளையிலும் என் காது அதைக் குறித்துக்கொண்டது.

பேருந்து வந்தது. கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நடத்துநர் நகர்ந்தார். எனக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. அருகில், என்னைவிட இரண்டொரு வயது கூடுதலாக இருக்கக்கூடிய ஒரு பெண். மடியில் மடித்து வைத்த நீல நிற மேலங்கி, அதன்மேல் சாப்பாட்டுப் பை. தலைமுடி எண்ணெயே காணாமல் பறந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பைக்குள் கைவிட்டேன். கைக்குட்டையோடு சேர்ந்து, நான் முன்பு சொல்லாமல் விட்ட பொருளும் வெளியே வந்து தரையில் விழுந்தது. அந்தப் பெட்டியில் எஞ்சியிருந்த இரண்டு ஆணுறைகள். மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் சான்றாகக் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். மேற்கோளைச் சான்றின்றிக் காட்டக்கூடாது என்பது எங்கள் துறைப் பழக்கம்.

அடுத்த கணம் அந்தப் பெண்ணின் செருப்புக் கால் அதன்மேல் விழுந்தது. முதலில் மிதித்துவிட்டாள் என்றே நினைத்தேன். மறைத்திருக்கிறாள் என்பது அவள் குனிந்து, சாப்பாட்டுப் பையைச் சரிசெய்வதுபோல அதை எடுத்து மேலங்கிக்குள் வைத்தபோதுதான் புரிந்தது.

“பயந்துக்காத. ஒர்த்தரும் பாக்கல” என்றாள், முன் இருக்கையைப் பார்த்தபடியே.

திருப்பித் தருவாள் என்று காத்திருந்தேன். அவள் தரவில்லை. மேலங்கியின் மடிப்புக்குள் வைத்தே ஒன்றைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து இலேசாக அழுத்தினாள். என் அம்மா கத்தரிக்காய் வாங்கும்போது பார்ப்பாரே, அதே கவனம்.

“தேதி இன்னும் கீது. காத்துதான் இல்லியே. பாக்கெட்டுக்குள்ள குமிழாட்டம் காத்து இருக்கணும். எங்க வெச்சிருந்தே? ஊட்டுக்காரர் பர்ஸுலயா?”

இல்லையென்று தலையசைத்தேன். “வண்டியில. சீட்டுக்குக் கீழ.”

“வண்டி பகல்ல எங்க நிக்கும்?”

“எஸ்டேட்ல. அவரு மிஷின் பட்டறை வாசல்ல, வெயில்ல.”

“நல்லா கீது போ! இட்லிக் குண்டான்ல வெச்சி அவிச்சிருக்கீங்க.” சிரித்தாள். சிரிப்பில் ஏளனம் இல்லை. பிறகு, மணி என்ன என்று கேட்கும் குரலில், “கிழிஞ்சிச்சா?” என்றாள்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியபடியே தலையசைத்தேன்.

“எப்போ?”

“சனிக்கிழமை.”

அவள் விரல் மடக்கி எண்ணினாள். சனி, ஞாயிறு, இன்று. பிறகு என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, “டைம் கீது” என்றாள்.

இரண்டே சொற்கள். அந்த இரண்டு நாள்களில் யாராவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தவை அவைதான் என்று அப்போது தெரிந்தது.

அவள் ஓர் இரப்பர் கம்பெனியில் பணிபுரிபவள். அங்கே செய்வதும் இதைத்தான். காலை முறை முடிந்து வரும் வழி. கம்பெனி வேன் நடுவழியில் பழுதாகி நின்றுவிட்டதால் அன்று பேருந்தில் ஏறியிருக்கிறாள். அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஒவ்வோர் உறையையும் கையால் ஒரு கம்பியில் மாட்டுவார்களாம். அந்தக் கம்பியில் மின்சாரம் பாயும். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்தாலும் இயந்திரம் கண்டுபிடித்து அதைத் தனியே தள்ளிவிடும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவார்கள். சிலவற்றைக் காற்றடித்து வெடிக்கும்வரை ஊதுவார்கள்.

“எங்க ஊட்டுக்காரரு தெனம் கேப்பாரு, ‘இன்னிக்கு எத்தினி பலூன் ஊதினே’ன்னு. அவருக்கு அது ஒரு ஜோக்கு. எனக்குக் கை நோவுது” என்றாள். பிறகு குரல் சற்றுக் கடுமையானது. “ஆனா கிழிஞ்சிச்சினு எவளாவது சொன்னா எனக்குக் கோவம் வரும். சும்மா கிழியாதுமா. அத்தினி டெஸ்டு தாண்டி வருது. இது எங்க கம்பெனி சரக்கு இல்ல. இருந்தாலும் விட மாட்டேன். வெயில் மட்டும் இல்ல. நீங்க வேற இன்னாவோ பண்ணியிருக்கீங்க.”

பூந்தமல்லியில் இறங்கும்போது அவளும் உடன் இறங்கினாள். அங்கிருந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கும், மாலைப் பிரிவு நான்கு மணிக்குத் திறக்கும் என்றாள். நான் தனியே போய்க்கொள்வதாகச் சொன்னேன். “போவே. போயி நாலு பாக்கெட்டு குளுக்கோஸ் வாங்கினு வருவே” என்றாள். என் பையிலிருந்த பொட்டலங்களை எப்போது பார்த்தாளோ! கைப்பேசியை எடுத்து மாமியாரை அழைத்து, பால்வாடியிலிருந்து பெண்ணை அழைத்துவரச் சொன்னாள். எதிர்முனையில் ஏதோ முணுமுணுப்பு. “ஒரு நாளுதானே அத்த, வந்து பாத்திரம் நான் தேய்க்கிறேன்” என்று முடித்துவிட்டாள். முன்பின் தெரியாத எனக்காக அவள் ஏற்றுக்கொண்ட முதல் சுமை அது.

நிலையத்தின் வெளித்தாழ்வாரத்தில் பெஞ்சில் அமர்ந்தோம். நான்கு அடிக்க இருபது நிமிடங்கள் இருந்தன. சுவரில் மாட்டியிருந்த இலவச ஆணுறைப் பெட்டியைத் திறந்து, கடையில் காய் பொறுக்குவதுபோல, மூன்றை எடுத்தாள். ஒவ்வொன்றின் தேதியையும் பார்த்து, அழுத்தியும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இப்ப சொல்லு. எண்ணெ வெச்சீங்களா?”

என் முகம் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

“இன்னா எண்ணெ?”

“தேங்காய் எண்ணெய்.”

அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். எதிர்ப் பெஞ்சில் குழந்தையோடு இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் அருகிலிருந்தவள் குரலைத் தாழ்த்தினாள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவளுடைய பிரிவில் முதல்நாள் ஒரு வித்தை காட்டுவார்களாம். ஓர் உறையில் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவி, சிறிதுநேரம் விட்டு, இரண்டு விரல்களால் இழுக்கச் சொல்வார்கள். நனைந்த தாளைப்போலக் கிழிந்து கையோடு வரும். இரப்பர் பாலிலிருந்து செய்யும் உறைக்கு எண்ணெய் எதிரி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், குழந்தைக்குத் தடவும் எண்ணெய் எல்லாமே. உலர்ந்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும், தண்ணீர் கலந்து செய்த வழுவழுப்புக் களிம்பைத்தான் பயன்படுத்த வேண்டும். அவள் பிரிவில் பெண்கள் யாரும் வேலை நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. கை தலைக்குப் போய் உறைக்கு வந்துவிடும் என்ற அச்சம். ஞாயிறு மட்டும் எண்ணெய். அதையும் அன்றே சீயக்காய் போட்டு அலசிவிட வேண்டும்.

“இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கு இடுப்பு வரிக்கும் முடி. இப்ப பாரு, தொடப்பக்கட்டை மாதிரி. யாருக்காவ? உனக்காவத்தான். நீ இன்னாடான்னா பாட்டில்ல இருந்து ஊத்திக்கினு கீறே!”

நான் சிரித்துவிட்டேன். இரண்டு நாள்களில் முதல்முறை. சிரிப்பு அழுகையாக மாறியது. அவள் அதைத் தடுக்கவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றியும் எழுதாமல் விட்ட அந்தக் கடைசித் தாளைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். என் தோழிகளுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை.

நான்கு மணிக்குச் செவிலியர் வந்தார். சீட்டு எழுதும் மேசையில், “இவங்களுக்கு அவசர மாத்திரை வேணும் சிஸ்டர், சனிக்கிழமை கிழிஞ்சிட்டுது” என்று அவளே சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. செவிலியர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளறைக்கு அழைத்து, கடைசி மாதவிலக்கு எப்போது, வேறு மாத்திரைகள் ஏதேனும் எடுக்கிறேனா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, மாத்திரையைக் கொடுத்து அங்கேயே விழுங்கச் சொன்னார். என் புட்டியிலிருந்த மீதித் தண்ணீர் அதற்குப் பயன்பட்டது. மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் திரும்ப வரவேண்டும் என்றார். மாதவிலக்கு சில நாள்கள் முன்னோ பின்னோ வரலாம். ஒரு வாரத்துக்குமேல் தள்ளிப்போனால் சோதனை செய்ய வேண்டும் என்றார். இது அவசரத்துக்கு மட்டும், இனி வரும் நாள்களுக்கு இது காவலில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். நான் நெறியாளரின் சிவப்புத் திருத்தங்களுக்கு நடுவே ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டேன்.

“உறையை எப்படிப் போடணும்னு தெரியுமா, உனக்கும் வீட்டுக்காரருக்கும்?” என்று செவிலியர் கேட்டார். தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தெரியாது சிஸ்டர்” என்றாள், கூடவே உள்ளே வந்திருந்த அவள்.

செவிலியருக்குத் தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் காத்திருந்தன. அவள் வேலையை முன்பே அறிந்தவர்போல அவளைப் பார்த்து, “நீயே சொல்லிக் குடுத்துடும்மா, உனக்குத் தெரியாததா?” என்று எங்களைத் திரைக்குப் பின்னால் விட்டுச் சென்றார். செய்து காட்ட ஒரு பொருள் வேண்டியிருந்தது. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்; என் கையிலிருந்த மூன்றாம் இயலைப் பார்த்தாள். நான் தடுப்பதற்குள் அறுபது பக்கங்களும் சுருட்டப்பட்டு, என் தலைமுடிப் பட்டையால் கட்டப்பட்டுவிட்டன.

அந்தக் காட்சியை என் நெறியாளர் ஒருநாளும் அறியமாட்டார்.

அவள் கைகள் வேறொருவரின் கைகளாகிவிட்டன. அவசரமில்லை, பேச்சில்லை. உள்ளே உள்ளதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பொட்டலத்தின் பல்வெட்டு ஓரத்தை விரலால் கிழித்தாள். பல்லால் கிழிக்கக்கூடாது, கத்தரிக்கோல் கூடவே கூடாது. சுருளின் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றினாள். காற்று தங்கினால் அங்கேதான் வெடிக்குமாம். கிள்ளிய விரலை எடுக்காமலேயே மறுகையால் அடிவரை உருட்டி இறக்கினாள். பிறகு வேண்டுமென்றே இன்னொன்றைத் தலைகீழாக வைத்துக் காட்டினாள். அது இறங்கவில்லை.

“இப்ப இன்னா பண்ணுவே?”

“திருப்பிப் போடுவேன்.”

“அதான் தப்பு. உடம்புல பட்டது பட்டதுதான். தூக்கிப் போட்டுட்டு புதுசு எடு. கஞ்சத்தனம் இதுல ஆவாது.”

கெட்டியாக இருக்கட்டும் என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுபவர்களும் உண்டாம், உரசிக் கிழிந்துவிடும். தொடங்கும் முன்பே போட வேண்டும், நடுவில் போடக்கூடாது. முடிந்ததும் தாமதிக்காமல், அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டே விலக வேண்டும். முடிச்சிட்டு, தாளில் சுற்றி, குப்பைக் கூடையில். கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொண்டு நாறும், வீட்டுக்கே தெரியும் என்றாள். மூன்றாவது உறையை என்னிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாள். முதலில் நுனியைக் கிள்ள மறந்தேன். என் விரலில் ஓர் அடி விழுந்தது. மறுபடி சரியாகச் செய்தேன்.

அப்போதுதான் கணவரின் அழைப்பு வந்தது. தேநீர் இடைவேளை. நான் பேசத் தொடங்கும் முன்பே அவள் கைநீட்டினாள். ஏனோ நானும் கொடுத்துவிட்டேன்.

“அண்ணாத்தே, உங்க சம்சாரம் நல்லா கீது. மாத்திர போட்டாச்சி. இன்னா அண்ணாத்தே, மிஷின் வேல செய்றவரு நீங்க. எந்தப் பொருளுக்கு எவ்ளோ சூடு ஆவும்னு பாக்கத் தெரியாதா? வண்டி சீட்டுக்குக் கீழ வெப்பாங்களா? ... ஆங். ... ஆங். ... இல்ல, நான் டாக்டர் இல்ல. நான் யாருன்னா இன்னா? காகிதம் ஒண்ணு டப்பாவுக்குள்ள கெடக்குமே, படிச்சீங்களா ரெண்டு பேரும்?”

படிக்கவில்லை. அந்தக் கேள்வி கணவருக்குச் சொல்லப்பட்டாலும் விழுந்தது என்மேல்தான். பெட்டிக்குள் நாலாக மடித்து வைக்கும் அந்தச் சிறு தாளைப் பார்த்த நினைவு எனக்கு இருந்தது. அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்புத் தேடிப் படிப்பவள் நான்; ஒரு பாடவேறுபாட்டுக்காக நான்கு பதிப்புகளைப் புரட்டுபவள். என் வாழ்க்கைக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு பக்கத்தைக் கூச்சத்தினால் கசக்கி எறிந்திருந்தேன். பார்த்தால் கண் அழுக்காகிவிடும் என்பதைப்போல. படிப்பறிவு பற்றி எனக்கிருந்த சிறு கர்வம் அந்தத் திரைக்குப் பின்னால் ஓசையில்லாமல் இறங்கிவிட்டது. அது இறங்கியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் நீளமாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். அவள் என் நான்கு கரைசல் பொட்டலங்களில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்; பெண்ணுக்கு ஆரஞ்சுச் சுவை பிடிக்குமாம். அவ்வளவுதான் அவள் ஏற்றுக்கொண்ட நன்றி.

“இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெ. தலைக்குத் தேங்காயெண்ணெ. இதுக்கு ஒரு எண்ணெயும் கெடையாது. மறந்தே, எங்கியாவது பஸ்ல பாத்தேன்னா ஒதைப்பேன்” என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள். கடந்தபின் திரும்பிப் பார்க்கவில்லை. பெயரைக் கேட்க மறந்துவிட்டேன் என்பது பேருந்து ஏறியபிறகே உறைத்தது.

அன்று இரவு வாந்தி வரவில்லை. பத்தொன்பது நாள்கள் காத்திருந்தேன். நாளை எண்ண வேண்டாம் என்று கணவர் சொன்னார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். இயல்பாக வரவேண்டிய நாளைத் தாண்டி நான்காம் நாள், கல்லூரி நூலகத்தில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வயிற்றில் அந்தப் பழகிய வலி தொடங்கியது. மாதந்தோறும் நான் சபித்த வலி. அன்று அகராதியின்மேல் தலைசாய்த்து, நெடுநேரம் அப்படியே இருந்தேன். பிறகு எழுந்து அம்மாவுக்குத் தொலைபேசினேன். காரணம் சொல்லவில்லை. மூன்றாம் இயல் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். “நிறுத்தாம எழுது” என்றார்.

புதிதாக வாங்கிய பெட்டிக்குள்ளிருந்த தாளை நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். கணவர் வாய்விட்டுப் படித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சந்திப்பிழையைச் சுட்டிக்காட்டினேன். “இதுலயுமா?” என்று அவர் சிரித்த சிரிப்பில்தான் அந்தச் சனிக்கிழமை எங்களைவிட்டு முழுமையாக விலகியது. மறைவிடத்துக்கும் வழி பிறந்தது. ‘மூன்றாம் இயல் – அடிக்குறிப்புகள்’ என்று தலைப்பிட்ட கோப்புறை ஒன்று என் புத்தகங்கள் இருக்கும் வெயில் படாத சுவர்த்தட்டில், பாரமின்றி, தனியே இருக்கிறது. அந்த வீட்டில் யார் எதைத் திறந்தாலும் அதை மட்டும் திறக்கமாட்டார்கள்.

சுருட்டப்பட்ட அந்த அறுபது பக்கங்களும் இன்னும் என்னிடம் உள்ளன. கடைசிப் பக்கத்தில் உறையின் விளிம்பு பட்ட தடம் ஒன்று இருக்கிறது. தூய படியை நெறியாளரிடம் கொடுத்துவிட்டு, இதை நானே வைத்துக்கொண்டேன்.

காலையில் கல்லூரிக்குச் செல்லும்போது நெடுஞ்சாலையில் கம்பெனி வேன்கள் வரிசையாகக் கடந்து செல்கின்றன. சன்னலோரம் தூங்கி வழியும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அவளை இதுவரை காணவில்லை. ஆனாலும் எண்ணெய் வைக்காத தலை ஒன்று சன்னலில் தெரியும்போதெல்லாம், என் மேசையில் இரவும் பகலும் இடையூறின்றி வளர்ந்துவரும் நான்காம் இயல், முகந்தெரியாத வீடுகளுக்காகத் தன் கூந்தலின் எண்ணெயைக்கூட விட்டுக்கொடுத்த அந்தக் கைகளும் சேர்ந்து எழுதுவதுதான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன்.